முதல் கயிறு கரைக்கு வரும் வரை

கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட் வேலைக்கு வந்து 18 வருடம் ஆகிறது. கன்டெய்னர் கப்பல், எண்ணெய்க் கப்பல் என்று தினமும் இரண்டு மூன்றில் ஏறி இறங்குகிறேன். ஆனாலும் வேற்று நாட்டுப் போர்க்கப்பல் வருகிறது என்றால் முந்தின இரவே தூக்கம் சரியாக வராது.

சரக்குக் கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறையில், கேப்டன், ஒரு அதிகாரி, சுக்கான் பிடிப்பவர் என்று மூன்று பேர்தான் இருப்பார்கள். போர்க்கப்பலில் பதினைந்து இருபது பேர். ஒருவர் திசை சொல்வார், ஒருவர் ஆழம் சொல்வார், இன்னொருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருப்பார். நான் சொல்வதை ஒரு இளம் அதிகாரி வாங்கிச் சுக்கான்காரரிடம் சொல்ல, அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சுக்கான் அசையும். முதல் தடவை அந்த இரண்டு மூன்று விநாடித் தாமதத்தில் திணறிப்போனேன். இப்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முன்கூட்டியே சொல்கிறேன்.

அதைவிடச் சிரமம், பெரிய கப்பலைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்கும் டக் என்ற இழுவைப் படகு விஷயம். சரக்குக் கப்பலில் டக் எங்கே முட்டித் தள்ளலாம் என்று பக்கவாட்டில் பெயின்ட்டால் எழுதியே வைத்திருப்பார்கள். போர்க்கப்பலின் தகடு மெல்லியது. எடை குறைந்தால்தானே வேகம் வரும். உள்ளே தகட்டைத் தாங்கும் சட்டகம் இருக்கிற இடமாகப் பார்த்துத் தள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தடவை, நான் டக்கைச் சில அடி தள்ளி வைக்கச் சொல்லிவிட்டேன். தகடு நெளிகிற சத்தம் பிரிட்ஜ் வரை கேட்டது. சின்னப் பள்ளம்தான். அந்தக் கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. இன்றைக்கும் அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் கப்பலின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, டக் மாஸ்டரோடு உட்கார்ந்து பேசாமல் நான் எந்தப் போர்க்கப்பலிலும் ஏறியதில்லை.

பின்பக்கக் கயிற்றிலும் கண் வேண்டும். இதழ்களின் சாய்வை மாற்றி ஓட்டும் புரொப்பெல்லர் உள்ள கப்பல்களில், கப்பல் நின்றாலும் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும். தளர்ந்து தண்ணீரில் விழுந்த கயிற்றை அப்படியே உள்ளே இழுத்துவிடும்.

சில கப்பல்கள் நுழையும்போது 21 குண்டு மரியாதை உண்டு. கரையிலிருந்தும் அதே 21 பதிலாக முழங்கும். பீரங்கியைக் காலி செய்துவிட்டேன், சண்டைக்கு வரவில்லை என்று காட்டுவதற்காக வந்த வழக்கம் என்பார்கள். கடல் சட்டப்படி, கேப்டன் அனுமதி இல்லாமல் நம் அதிகாரிகள் யாரும் அந்தக் கப்பலுக்குள் கால் வைக்க முடியாது. அத்தனை பலமுள்ள கப்பல் நம் டக்கை நம்பி, நம் ஆட்கள் கயிறு பிடிப்பதற்காகக் காத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நெகிழும்.

போன தடவை முன்தளத்தில் ஒரு சின்னப் பையன், இருபது வயதுகூட இருக்காது, எடை கட்டிய மெல்லிய கயிற்றைக் கரைக்கு வீசினான். இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவதை எங்கள் மூத்த கயிற்றுக்காரர் எட்டிப் பிடித்தார். பையனைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அப்புறம் தடித்த கயிற்றை இழுத்து வளையத்தைக் கரையிலுள்ள பொல்லார்ட் என்ற குட்டைத் தூணில் மாட்டிவிட்டுக் கையை உயர்த்தினார். அதே விநாடியில் விசில் ஊதியது. கொடிமரத்திலிருந்து அவர்கள் கொடி இறங்க, முகப்பிலும் பின்னாலும் கொடிகள் ஏறின.

கேப்டன் கை குலுக்கினார். வெளியே நங்கூரம் போட்டு இரண்டு கன்டெய்னர் கப்பல்கள் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தன. பைலட் படகை வரச் சொன்னேன்.