பர்ஜ் பண்ணியாச்சு, சரி, உள்ளே என்ன இருக்கு?

சிங்கப்பூரில் ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்கிற பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள், வேலை தொடங்குமுன் நடக்கிற காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே பர்ஜ் (purge) என்ற சொல்லைக் கேட்டுவிடுவார்கள். "லைன் பர்ஜ் பண்ணியாச்சு", "டேங்க்ல பர்ஜ் ஓடிட்டிருக்கு". அகராதியைப் பார்த்தால் சுத்தப்படுத்துவது, பேதிக்குக் கொடுப்பது, கட்சியில் ஆகாதவர்களைக் களையெடுப்பது என்று போகும். ஆபீஸில் பழைய ஃபைல்களைக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரேயடியாக அழிப்பதற்கும் இதுதான். எல்லாமே வேண்டாததை வெளியே தள்ளுகிற வேலை. ஆனால் எது வேண்டாதது என்பது ஆளுக்கு ஆள் மாறும், சைட்டில் சிக்கலே அங்கேதான்.

வெல்டருக்கு வேண்டாதது காற்று. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பை ஒட்டும்போது உள்பக்கம் ஆக்சிஜன் பட்டால் ரூட், அதாவது ஒட்டின் அடிப்பகுதி, கறுத்து, சர்க்கரை உறைந்த மாதிரி பொரிபொரியாகிவிடும், சுகரிங் என்பார்கள், வெட்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதனால் ஜாயின்டின் இரண்டு பக்கமும் அடைத்து, ஒரு பக்கம் ஆர்கான் ஹோஸைச் செருகி, மறுபக்கம் மேலே சின்னதாக ஓட்டை விடுவோம். ஆர்கான் காற்றைவிட கனம், அடியில் நிரம்பிக்கொண்டே வந்து காற்றை மேல் வழியாகத் தள்ளும். ஓட்டையில் ஆக்சிஜன் மீட்டரை வைத்தால் சாதாரணக் காற்றில் இருக்கிற 20.9 சதவீதத்திலிருந்து மடமடவென்று இறங்கும், கடைசிக் கொஞ்சம்தான் இறங்கவே இறங்காது. நல்ல வேலைக்கு 50 பிபிஎம், 100 பிபிஎம் என்று கேட்பார்கள். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 100 பிபிஎம் என்றால் ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்கு. ஃபோர்மேன் பின்னால் நின்று வாட்சைப் பார்ப்பார். பழகிய வெல்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பிளான்ட் ஆபரேட்டரின் கணக்கே வேறு. ஆலையை நிறுத்தும்போது அவருக்கு வேண்டாதது உள்ளே இருக்கிற எரிவாயு, திரும்ப ஓட்டும்போது வேண்டாதது காற்று. இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும் என்பதால் நடுவில் நைட்ரஜனை விட்டுத் துரத்துகிறார். முடிந்ததும் லாக் புத்தகத்தில் "பர்ஜ்டு, ஓகே" என்று எழுதுகிறார். அவர் வேலைக்கு அது ஓகேதான்.

பல வருஷத்துக்கு முன் ஒரு சைட்டில், பெயர் வேண்டாம், நைட் ஷிஃப்ட் அப்படி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டது, காலையில் டேங்க் கிளீனிங் ஆட்கள் வந்து மேன்ஹோல் பக்கத்தில் கையுறையெல்லாம் மாட்டி நிற்கிறார்கள். புதுக்கோட்டைத் தம்பி ஒருவன், "அண்ணே, பர்ஜ் ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கே, போலாம்ல?" என்கிறான். மீட்டர் டியூபை உள்ளே இறக்கினோம். எல்இஎல் (வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) பூஜ்யம், அதாவது எரிகிற வாயு எதையும் மீட்டர் காட்டவில்லை. ஆக்சிஜன் 4 சதவீதம். நாலு தடவை மூச்சு இழுப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது; உடம்பு கண்டுபிடிப்பது கார்பன் டை ஆக்சைடு சேர்வதைத்தான், ஆக்சிஜன் குறைவதை அல்ல. நைட்ரஜனுக்கு வாசமும் இல்லை. நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான் என்பதால் அதை யாரும் விஷம் என்று நினைப்பதும் இல்லை.

2005இல் அமெரிக்காவின் டெலாவேர் சிட்டியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்த ரியாக்டருக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டார், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இருவருமே செத்துப்போனார்கள். உள்ளே கிடந்த ஒரு டேப் ரோலை எடுக்கத்தான் முதலாமவர் முயன்றிருக்க வேண்டும் என்று அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியம் சொன்னது. அமெரிக்காவில் 1992 முதல் 2002 வரை மட்டும் நைட்ரஜன் மூச்சுத்திணறலில் 80 பேர் செத்ததாக அதே வாரியம் அதற்கு முன்பே கணக்கு வெளியிட்டிருந்தது.

டேங்க் மாதிரி அடைபட்ட இடங்களுக்குள் இறங்குவதற்கு சிங்கப்பூரில் 2009இல் வந்த விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில், எல்இஎல் 10 சதவீதத்துக்குக் கீழே, வெளியே ஓர் அட்டென்டன்ட், தனி பெர்மிட். எல்லாம் சரி. ஆனால் விதி பெர்மிட்டில் இருக்கிறது, ஆட்கள் நம்புவது முந்தின ஷிஃப்ட் வாயால் சொன்னதை. எனக்கு அந்த ஆபரேட்டர் மீதும் கோபமில்லை, தம்பி மீதும் இல்லை, அந்த லாக் புத்தகத்தின் மீதுதான். அதில் எழுத ஒரே ஒரு கட்டம்.

இப்போது நான் பார்க்கிற பெர்மிட்டில் அந்தச் சொல்லைத் தனியாக எழுத விடுவதில்லை. எதை வெளியேற்றினாய், எதை வைத்து வெளியேற்றினாய், இப்போது உள்ளே என்ன இருக்கிறது, மூன்றும் வேண்டும். அப்புறம் புளோயர் போட்டுக் காற்று விட்டு மேலே, நடுவே, அடியில் என்று அளக்க வேண்டும். ஆர்கான் என்றால் அடியில் கண்டிப்பாக. நைட்ரஜன் வால்வை மூடினால் மட்டும் போதாது, பழைய வால்வு மூடியும் கசியும், ஹோஸைக் கழற்றித் தரையில் போட்டால்தான் கையெழுத்து. திரும்ப மாட்ட அரைமணி நேரம் ஆகும் என்று சூப்பர்வைசர் முணுமுணுப்பார். அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம் என்பதில் பையன்களுக்கு மட்டும் ரொம்ப சந்தோஷம்.