எக்ஸ்ரேயில் அகப்படாத வலி

ஜூன் 3

பள்ளி மைதானத்தில் வாலிபால் கோர்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். குழியில் கால் வைத்ததும் இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் நல்ல வீக்கம். சுளுக்கு வழிப்பவரைக் கூப்பிடலாம் என்றார் அம்மா. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் கணுக்கால் மொளி இரண்டிலும் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார். நாலு அடி நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எக்ஸ்ரே. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த முறையாம் இது, யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று முடிவு செய்ய. “எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்” என்றார். நிம்மதியாக இருந்தது.

ஜூன் 24

வீக்கம் வடிந்துவிட்டது. மைதானத்துக்கும் போகிறேன்.

ஜூலை 9

ஐந்து வாரம் ஆகிறது. மாடிப்படி இறங்கினால் மூட்டுக்குள்ளே ஆழத்தில் ஒரு குத்தல். தைலத்துக்கு எட்டாத இடம். இன்று வேறொரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து, மூட்டின் முன்பக்கம் விரலால் அழுத்தினார். உயிர் போனது.

எக்ஸ்ரே என்பது நிழல்தானாம். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் சின்ன விரிசல் மறைந்துவிடும். எலும்பு நசுங்கி உள்ளே நீர் கோத்திருந்தால் அதில் தெரியவே தெரியாது. எம்ஆர்ஐயில் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்களில் அந்த ஈரம் வெள்ளையாகத் தெரியுமாம். எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 11

எம்ஆர்ஐ எடுத்தார்கள். மெட்டி, கொலுசு எல்லாம் கழற்றச் சொன்னார்கள். மெட்டி வரவில்லை, சோப்பு போட்டுத்தான் கழற்றினேன். அரை மணி நேரம் தடதடவென்று சத்தம், காலை அசைக்கக் கூடாது.

ஜூலை 13

ரிசல்ட் வந்தது. தாலஸ், அதாவது கணுக்கால் மூட்டுக்குள் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புகளைத் தாங்கும் எலும்பு; அதன் மேல்முகட்டில், வெளிப்பக்க ஓரத்தில் காயம். குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள எலும்பும் ஒரு பக்கம் பிளந்திருக்கின்றன. துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 1959-ல் பெர்ன்ட், ஹார்ட்டி என்ற இருவர் இத்தகைய காயங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்களாம். என்னுடையது இரண்டாவது. முழுதாகப் பெயர்ந்து நகர்ந்திருந்தால் நான்காவது. துண்டின் அளவைத் துல்லியமாகப் பார்க்க சி.டி. ஸ்கேனும் எடுக்க வேண்டுமாம்.

தாலஸில் தசை எதுவும் ஒட்டவில்லை, பாதிக்கு மேல் குருத்தெலும்புதான் மூடியிருக்கிறது, ரத்தம் போகும் வழி குறைவு, அதனால் மெதுவாகத்தான் ஆறும் என்று படம் வரைந்து சொன்னார். இந்தக் காலோடு ஐந்து வாரம் ஓடவிட்டேனே என்று அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, ஊன்றுகோல்தான்.

ஜூலை 28

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா போன் செய்தார். பிள்ளைக்குக் கபடியில் கால் மடங்கியதாம், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம்.

“எத்தனை நாள் ஆச்சுங்க?”

“ஒன்றரை மாசம் டீச்சர். நொண்டிக்கிட்டேதான் போறா.”

நாளைக்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.