பெட்டியை இழந்த காவலர்கள்

மத்திய ஆப்பிரிக்காவில் காபோன், தெற்குக் கேமரூன், எக்குவடோரியல் கினி ஆகிய பகுதிகளில் வாழும் ஃபாங் மக்களின் மரச்சிற்பங்களை முன்னோர் உருவங்கள் என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பியேரி எனப்படும் அவர்களுடைய வழிபாட்டில் முன்னோராகப் போற்றப்பட்டவை, மரப்பட்டையால் செய்த உருளைப் பெட்டிக்குள் இருந்த குலப்பெரியவர்களின் மண்டையோடுகளும் எலும்புகளுமே. மூடியின்மேல் அமர்ந்திருந்த மர உருவம் அவற்றுக்குக் காவல். தீட்சை பெறாதவர்களை அண்டவிடாமல் தடுப்பது அதன் வேலை.

அந்தச் சிற்பத்தை நெருங்கிப் பார்த்தால், குழந்தைக்கு இருப்பதுபோல் பெருத்த தலையும் புடைத்த நெற்றியும், கழுத்துக்குக் கீழே தசை திரண்ட வயதுவந்த உடலும் ஒன்றாகச் சேர்ந்திருப்பது தெரியும். செம்பனை எண்ணெயை மீண்டும் மீண்டும் பூசியதால் மேனி கன்னங்கரேலென்று மின்னுகிறது. அருங்காட்சியகத்துக்கு வந்து பல காலம் ஆகியும் சில சிற்பங்களில் எண்ணெய் கசிகிறது.

தாராபுரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயிலில் சிவராத்திரிக்குக் கூடியிருந்தபோது, பெரியப்பாவிடம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினேன். “நம்ம கருப்பணனாட்டத்தான் இருக்குது கண்ணு. உள்ளார இருக்கற சாமி எங்க?” என்றார். கலை விமர்சகர்கள் பலர் கேட்காமல் விட்ட கேள்வி அது.

இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ஃபாங் மக்கள், பெட்டியைத் தூக்கிச் சென்றதால் முன்னோரையும் உடன் கொண்டுபோக முடிந்தது. வேட்டைக்கும் போருக்கும் புறப்படுமுன் அதனிடமே கேட்டார்கள். காபோனின் கோட்டா மக்கள் எலும்புக் கூடைகளின்மேல் செம்பு, பித்தளைத் தகடு போர்த்திய காவல் உருவங்களை நிறுத்தினார்கள். கிழக்குக் காங்கோவின் ஹெம்பா மக்களிடம் நிலைமை வேறு: அங்கே மரச்சிற்பமே குலமுதல்வரைக் குறித்தது, குடும்பத்தின் நில உரிமைக்கும் அது சான்றாக நின்றது. இத்தனையையும் ஒரே தலைப்பில் அடைப்பது சோம்பேறித்தனம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதபோதகர்களும் பிரெஞ்சு ஆட்சியாளர்களும் இவ்வழிபாட்டை ஒடுக்க, சிற்பங்கள் பாரிஸ் வணிகர்களிடம் குவிந்தன. ஃபாங் குடும்பங்கள் சிற்பத்தைக் கொடுத்தாலும் மண்டையோடுகளை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மரம் போனால் வேறொன்று செதுக்கிக்கொள்ளலாம். பெட்டியில் பொருத்துவதற்காகச் சிற்பத்தின் கீழ்ப்புறம் விடப்பட்ட முளை, காட்சிப்பேழைகளில் பலவற்றில் இன்றும் தெரிகிறது. அது எதற்கென்று பெயர்ப்பலகையில் ஒரு வரி சேர்ப்பதற்கு இடமா இல்லை?