குற்றம் கண்டவரின் பெயரில் ஒரு புதிர்

இரண்டு நகர்த்தலில் மேட், அதாவது எதிராளியின் ராஜா தப்ப முடியாத செக், வைக்கச் சொல்லும் சதுரங்கப் புதிர் ஒன்றை முதன்முதலாக அமைத்து ஓர் இதழுக்கு அனுப்பினேன். அது அச்சில் வந்த மகிழ்ச்சி மூன்று வாரம் நீடித்தது. பிறகு, முன்பின் அறிமுகமில்லாத ஒரு வாசகரின் கடிதம் இதழின் வழியாக வந்து சேர்ந்தது. ராணியின் அமைதியான நகர்வு ஒன்றே விடை என்று நான் நம்பியிருக்க, யானையால் ஜி6 (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும்) கட்டத்துச் சிப்பாயை வெட்டினாலும் மேட் ஆகிவிடுகிறது என்று அவர் ஒரே வரியில் எழுதி, கறுப்பின் ஒவ்வொரு பதிலுக்கும் உரிய மேட்டைக் கீழே வரிசையாகக் குறித்திருந்தார். வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை.

புதிர் அமைப்போரும் தீர்ப்போரும் முதல் நகர்த்தலைக் 'கீ' என்றும், அமைத்தவர் எண்ணாத இரண்டாவது விடையைக் 'குக்' என்றும் சொல்கிறார்கள். குக் இருந்தால் புதிர் செல்லாது. எத்தனை அழகான மேட்டுகள் உள்ளே இருந்தாலும் அது கணக்கில் வராது. அந்தக் காலத்தில் நூலை அரங்கேற்றியவர் சபையில் எழும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லியாக வேண்டும் என்பார்களே, அதைப் போலத்தான் இதுவும். வேறுபாடு என்னவென்றால், இந்தச் சபையில் உள்ளவர்கள் எங்கெங்கோ தனித்தனியே பலகை முன் அமர்ந்திருப்பவர்கள்.

இந்தக் கலையை நான் நேசிப்பதற்கு முதற்காரணம், இங்கே குற்றம் காண்பவருக்குக் கிடைக்கும் மரியாதை. அதற்கு ஸாவேத்ராவின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1895இல் கிளாஸ்கோ நகரத்து வார இதழ் ஒன்றின் சதுரங்கப் பகுதியை நடத்தி வந்த பார்பியர் என்பவர், 1875இல் நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவை நினைவில் வைத்து, கறுப்பு டிரா (வெற்றி தோல்வியின்றி முடிவு) செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு நிலையை வெளியிட்டார். அதே நகரில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஃபெர்னாண்டோ ஸாவேத்ரா அதை ஆராய்ந்து, அது டிரா அல்ல, வெள்ளைக்கு வெற்றி என்று காட்டினார்.

இன்று எங்கும் அச்சாகும் வடிவத்தில் பலகையில் நான்கே காய்கள் உள்ளன: வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6, கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. சிப்பாய் சி7க்குப் போகிறது. கறுப்பு யானை டி வரிசையில் நின்றபடியே செக் மேல் செக் வைக்க, வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று படிப்படியாக இறங்கி சி2க்கு வந்து சேர்கிறது. அப்போது கறுப்பு யானை டி4க்குத் தாவுகிறது. இங்கேதான் பொறி. கடைசி வரிசையை எட்டும் சிப்பாயை வழக்கம்போல ராணியாக்கினால் யானை சி4இல் செக் வைக்கும். ராணி அதை வெட்டியதும், செக் இல்லாமலே கறுப்பு ராஜாவுக்குப் போக இடமின்றி ஸ்டேல்மேட், அதாவது டிரா, ஆகிவிடும். ஸாவேத்ரா கண்டது, சிப்பாயை ராணியாக்காமல் யானையாக்கும் நகர்த்தல். அந்த யானை ஏ8க்கு வந்து மேட் வைக்கும் என்பதால் கறுப்பு தன் யானையை ஏ4இல் நிறுத்தியாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3க்கு வருகிறது. ஏ4 யானையும் தாக்கப்படுகிறது, சி1இல் மேட்டும் காத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நகர்த்தலில் தடுக்கக் கறுப்பால் முடியாது.

ஸாவேத்ரா பெரிய ஆட்டக்காரர் அல்லர். சதுரங்க உலகில் அவர் பெயர் நிற்பது இந்த ஒரே நகர்த்தலால்தான். ஆனாலும் அந்த நிலையை எல்லோரும் 'ஸாவேத்ரா நிலை' என்றே அழைக்கிறார்கள்.

அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, 1845இல், லண்டன் இதழ் ஒன்றில் 'ஷாகிர்த்' என்ற புனைபெயரில் நான்கு நகர்த்தல் புதிர் ஒன்று வந்திருந்தது. ஷாகிர்த் என்றால் சீடன். அனுப்பியவர் டெல்லியில் இருந்த ஆங்கிலேயப் பாதிரியார் லவ்டே. அதில் வெள்ளை பிஷப் சி1 வரை பின்வாங்குகிறது. பின்னர் யானை டி2க்கு வந்து அதன் வழியைத் தானே மறைக்கிறது. அந்த மறைப்பால் கறுப்பு ராஜாவுக்கு எஃப்4 என்ற ஒரு கட்டம் திறக்கிறது. ராஜா அதில் கால் வைத்ததும் யானை டி4க்கு நகர, பின்னாலிருந்த பிஷப் மேட் வைக்கிறது. அந்தப் புதிரிலும் வேறு விடைகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஆனால் கருத்து சிதையவில்லை. பிறர் அதைப் பழுதின்றி மீண்டும் மீண்டும் அமைத்தார்கள், 'இந்தியன் தீம்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

தீர்ப்பதற்கென்றே உலகப் போட்டி 1977 முதல் நடக்கிறது. இரண்டு நகர்த்தல் சுற்றில் மூன்று புதிர்களுக்கு இருபது நிமிடம்தான். எண்ட்கேம் சுற்றில் மூன்றுக்கு நூறு நிமிடம். நேர் ஆட்டத்திலும் கிராண்ட்மாஸ்டரான ஜான் நன் 2004, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் இதில் தனிநபர் பட்டம் வென்றார். அமைப்பவர்களுக்கும் கிராண்ட்மாஸ்டர் பட்டம் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட புதிர்களைத் தொகுக்கும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பெயர் கொண்ட ஆல்பங்களில் எழுபது புள்ளி சேர்த்தால்தான் அது கிடைக்கும். அதற்குப் பலர் வாழ்நாளையே செலவிடுகிறார்கள்.

இப்போது 'பொபாய்' போன்ற நிரல்கள் இரண்டு நகர்த்தல் புதிரின் குக்கை இமைப்பொழுதில் காட்டிவிடுகின்றன. அச்சுக்கு முன்பே பழுது நீங்குவது நல்லதுதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிரல் காட்டும் பட்டியலைப் பார்ப்பதும், ஒருவர் மரப்பலகையில் காய்களை வைத்து என் புதிரோடு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தார் என்று அறிவதும் ஒன்றல்ல.

என் புதிரைச் சரிசெய்ய எச்7இல் ஒரு கறுப்புச் சிப்பாயைச் சேர்த்தேன். வேலியாக நிற்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. புதிரில் ஒவ்வொரு காய்க்கும் காரணம் இருக்க வேண்டும் என்பதால் அந்தச் சிப்பாய் இன்றும் என் கண்ணை உறுத்துகிறது. திருத்திய நிலையைக் கடிதம் எழுதியவருக்கே முதலில் அனுப்பினேன். அன்று முதல், நிரலில் சோதிக்காத புதிர்களைக் கையால் தீர்த்துப் பார்க்கும்படி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். சென்ற மாதம் அவர் அனுப்பிய மூன்று நகர்த்தல் புதிர் என் மேசைமேல் பலகையில் அப்படியே இருக்கிறது. கீ கிடைத்துவிட்டது. கறுப்புக் குதிரை சி5க்குப் போகும் ஒரு கிளையில் மட்டும் இரண்டாவது நகர்த்தல் இன்னும் பிடிபடவில்லை.