பதினான்காம் நம்பர் ரைபிள்

"உஸ்தாத், இது என் கையில்ல. ரைபிள்தான் இழுக்குது."

என்.சி.சி. மாநில முகாமுக்கு ஆள் எடுக்கும் துப்பாக்கிச் சுடும் தேர்வில், பயிற்சி கொடுக்கும் உஸ்தாதான என்னிடம் ஒரு பிள்ளை இதை இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை குரல் இறங்கிப் போயிருந்தது. நான் சொன்ன பதிலும் அப்படியே நினைவிருக்கிறது. "மக்களே, ஆயுதத்த குத்தம் சொல்லப்பிடாது. மூச்ச பிடிச்சு, ட்ரிகர மெதுவா அமுக்கு."

25 மீட்டர், ஐந்து குண்டு. மற்ற நாட்களில் அவள் சுட்டால் ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். அன்று உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. மாநில முகாமுக்கு எங்களிடமிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். வேறொரு பெண் போனாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவள் வழக்கமாகச் சுடும் ரைபிளில், சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் உடைந்துவிட்டது. அதனால்தான் கோத்தில், அதாவது ஆயுத அறையில், இருந்ததிலேயே நல்லது என்று நான் நம்பிய பதினான்காம் நம்பரை அவளுக்கென்று எடுத்து வைத்தேன். முட்டத்தில் கடலுக்குப் போகிறவரின் மகள். விடியற்காலை முதல் பஸ் பிடித்துப் பரேடுக்கு வருவாள். அவளுக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் கொடுத்தேன். இதைச் சொன்னால் மனசு ஆறும் என்று பார்த்தால், இதுதான் அதிகம் குத்துகிறது.

ஏன் நல்லது என்று நம்பினேன்? எங்கள் ரைபிள்களெல்லாம் .303 லீ என்ஃபீல்ட் ராணுவ ரைபிளாகப் பிறந்து, பிற்பாடு பயிற்சிக்கென்று சின்னக் குண்டு போடும் .22 ஆக மாற்றப்பட்டவை. 1907இல் வந்த மாடல். பதினான்காம் நம்பரில் கிரீடமும், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. எழுத்தும், அதைச் செய்த 1942ஆம் வருடமும் நேற்று அடித்ததுபோல் தெளிவாக இருக்கும். உடம்பில் உள்ள நம்பரேதான் போல்ட்டிலும், முன்னால் உள்ள மூக்கு மூடியிலும், குறிபார்க்கும் பின் சைட்டிலும். எத்தனையோ கை மாறி, எத்தனையோ முறை கழற்றி மாட்டிய பிறகும் ஒரு ரைபிள் தன் சொந்த உறுப்புகளோடு இருப்பது அபூர்வம். குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். பதினேழு வருடம் பட்டாலியனில் இருந்தவன், அதில் பாதி கோத்தில், நான் அதைப் பார்த்துவிட்டு "முதல் தரம்" என்றேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து வருடாந்திரப் பரிசோதனைக்காக எல்லாவற்றையும் வராந்தாவில் வெயிலில் அடுக்கியிருந்தேன். அன்றைக்குத்தான் பதினான்கின் வாயை, குண்டு வெளியேறும் குழல் முனையை, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே திருகிக்கொண்டு வரும் வரிகள் வாயருகே ஒரு பக்கம் மட்டும் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருந்தன. ஈயக் குண்டு ஒன்றைக் குழல் வாயில் வைத்து விரலால் அழுத்தினேன். இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆடியது.

.22 ஈயக் குண்டு எஃகை அவ்வளவு எளிதில் தேய்க்காது. தேய்ப்பது துடைக்கிற கயிறு. புல்த்ரூ என்ற அந்தக் கயிற்றைத் தோட்டா போடும் அறைப் பக்கம் விட்டு வாய் வழியாக இழுக்கும்போது, நேராக இழுக்காமல் கீழ்நோக்கிச் சாய்த்து இழுத்தால் கயிறு ஒரே இடத்தில் உரசும். கிணற்றுக் கல்லில் கயிறு உரசிப் பள்ளம் விழுமே, அதே கதை. எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள். குண்டு வெளியே வரும் கணத்தில் பின்னால் வரும் வாயு தேய்ந்த பக்கமாக முதலில் பாய்ந்து அதன் அடியை ஒரு பக்கம் தள்ளும். குழல் எவ்வளவு மின்னினாலும் வாய் போனால் போனதுதான். மாறாக, குழல் கறுத்து, புள்ளி விழுந்து, பார்க்கவே சகிக்காத .303கள் வாய் ஒழுங்காக இருந்த ஒரே காரணத்துக்காக அருமையாகச் சுட்டதைப் பட்டாலியனிலேயே பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் நினைவுக்கு வரவில்லை.

சரி, அப்படியானால் ரைபிள்தான் காரணமா? மணல்மூட்டை மேல் வைத்து நானே சுட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து குண்டு சிதறியது. அடுத்த ஐந்து அவ்வளவு மோசமில்லை. மூன்றாவது முறை சுட எனக்குக் குண்டு இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு உண்டு, காலித் தோட்டாவையும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஆக, அவள் கை அன்றைக்கு உண்மையிலேயே நடுங்கியிருக்கவும் கூடும். பழகாத ரைபிள், தேர்வு நாள், சுற்றிலும் ஆட்கள். இப்படி எண்ணிக்கொண்டு தூங்கிய இரவுகள் உண்டு.

ஆனால் அவள் சொன்ன அந்த நிமிடத்தில் ரைபிளை மாற்றிக் கொடுத்திருக்கலாம். பதினான்கை வேறொரு பிள்ளையிடம் கொடுத்து ஐந்து, இவளுக்கு வேறொன்று கொடுத்து ஐந்து. பத்துக் குண்டு, கால் மணி நேரம். ரைபிளா ஆளா என்று பிரித்தறிய அதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குத் தெரியாது. குறி தவறுகிற ஒவ்வொருவனும் ரைபிளைத்தான் குற்றம் சொல்வான், பதினேழு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போயிருந்தது. அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது மார்த்தாண்டத்து உறவினர் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து போட்டோ அனுப்புவான். அங்கே, நம் வங்காளத்து இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த பழைய .303களை விலைக்கு வாங்கலாம். இங்கே சாதாரண ஆளுக்கு அந்த ரகம் கிடையாது. பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸ் எடுத்தாலும் பெரும்பாலும் .315 ரைபிள் அல்லது பன்னிரண்டு போர் ஷாட்கன்தான். "மாமா, இது என்ன விலை பெறும்?" என்று கேட்பான். அலமாரியில் வைக்கவா, சுடவா என்று கேட்பேன். வைக்க என்றால் நம்பர்கள் பொருந்துகிறதா, மரத்தில் பழைய முத்திரை இருக்கிறதா பார். சுட என்றால் வாயைப் பார், அறையில் தளர்வு இருக்கிறதா, குழல் மரக்கட்டையில் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா பார், முடிந்தால் சுட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே. இவ்வளவும் அவனுக்குச் சொல்வேன். சொல்லிக்கொண்டே என் கண் போட்டோவில் முதலில் தேடுவது நம்பரைத்தான்.

அந்தப் பிள்ளையை அப்புறம் ஒரு முறை வடசேரி சந்தையில் பார்த்தேன். "உஸ்தாத், நல்லா இருக்கீங்களா" என்று ஓடி வந்து கேட்டாள். நல்லா இருக்கேன் மக்களே என்றேன். மீன் விலை பேசினோம்.

பரிசோதனைக்குப் பிறகு பதினான்கைச் சுடுவதிலிருந்து விலக்கி, அணிவகுப்புக்கு மட்டும் என்று மாற்றினார்கள். பதிவேட்டில் அந்த வரிக்கு மேலே, தேர்வு நடந்த தேதிக்கு நேராக, என் கையெழுத்தில் "சுடத் தகுதி, முதல் தரம்" என்று இருக்கும். அதை அடித்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை.