கிளமெண்டு தண்டலின் பேர்கொண்ட புனிதர்

தூத்துக்குடியில் என் தாத்தாவைக் ‘கிளமெண்டு தண்டல்’ என்றால்தான் தெரியும். தண்டல் என்றால் தோணி ஓட்டுபவர். அந்தப் பெயருக்குரிய புனிதர் யார் என்று அவர் இருந்தவரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது, இராயப்பர் (புனித பீட்டர்) கல்லறைக்கு அடுத்தபடியாக அத்தை கேட்ட இடம் ஒன்றே ஒன்று: “அப்பா பேர் கோயில்.”

கொலோசியத்திலிருந்து கொஞ்ச தூர நடைதான். தெருவில் வழி கேட்டவர்கள் எல்லாரும் ‘சான் கிளெமென்தே’ என்றார்கள். உள்ளே சீட்டுக் கொடுத்தவரோ ஆங்கிலத்தில் ‘செயின்ட் கிளமெண்ட்’ என்றார். 1677 முதல் இந்தக் கோயில் அயர்லாந்து தொமினிக்கன் சபைச் சாமியார்களின் பொறுப்பில் இருப்பதால் இங்கே ஆங்கிலம் அந்நியமில்லை. அத்தைக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம பேரைச் சரியாச் சொல்றாரு பாரு!”

சரியான பேர் எது என்பது வேறு கதை. இராயப்பருக்குப் பின் லீனுஸ், கிளேத்துஸ், அவருக்கு அடுத்து இவர் என்று பாப்புமார் (போப்பாண்டவர்கள்) வரிசை போகும். லத்தீனில் இவர் கிளேமென்ஸ். இரக்கமும் சாந்தமும் உள்ளவர் என்று பொருள். நம் ‘மரம்’ உருபு ஏற்கும்போது ‘மரத்து’ ஆவதுபோல, லத்தீனிலும் அந்தச் சொல் ‘கிளேமெந்த்’ என்று திரியும். அந்தத் திரிந்த வடிவம்தான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் ‘கிளமெண்ட்’ ஆனது. லீனுஸுக்கும் கிளேத்துஸுக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. லத்தீன் வாலோடு லைனஸ், கிளீட்டஸ் என்றே நின்றுவிட்டார்கள். கிளமெண்டோ வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகி, இதமான வானிலையைக் குறிக்கும் சொல்லாகவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. பீட்டரும் பாலும் நம்மிடம் இராயப்பர், சின்னப்பர் ஆனார்கள். இவரோ ஆங்கில உடுப்போடேயே எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு உகரம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இவ்வளவு பேருக்குப் பெயர் கொடுத்தவர், தன் பெயரைப் போடாமல்தான் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய கி.பி. 96-இல் கொரிந்து சபைக்குப் போன புகழ்பெற்ற கடிதம் அவருடையது என்பது மரபு. ஆனால் ரோமைத் திருச்சபை எழுதுவதாகத்தான் அது தொடங்கும். ‘கிளேமென்ஸ்’ என்று எங்குமே இல்லை.

மேல்கோயில் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீடத்துக்குப் பின்னால் பொன் பதித்த வளைவில் சிலுவையே ஒரு மரமாகி, அதன் அடியிலிருந்து கொடிகள் சுருண்டு சுருண்டு படர்கின்றன. சிலுவையில் பன்னிரண்டு புறாக்கள். படம் எடுக்கக் கூடாது என்பதால் கண்ணாலேயே பார்த்துத் தீர்த்தோம். ரோமப் பேரரசன் டிராயன் கிளமெண்டைக் கிரிமியாவுக்கு நாடு கடத்தி, கழுத்தில் நங்கூரம் கட்டிக் கருங்கடலில் தள்ளினான் என்பது வேதசாட்சி மரபு. அங்கிருந்து அவருடைய அருளிக்கத்தை (உடலின் எச்சத்தை) கொண்டுவந்த, ஸ்லாவ் மக்களுக்கு வேதம் போதித்த புனிதர் சிரில், 869-இல் ரோமில் இறந்து இந்தக் கோயிலிலேயே அடக்கமானார். பீடத்தின் முன் முழந்தாளிட்டிருந்த அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “நங்கூரத்தையா கட்டுனாங்க?” தோணிக்காரர் மகளுக்கு அதன் எடை தெரியும்.

சீட்டு வாங்கிக் கீழே இறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுக் கோயில். 1857-இல் முல்லூலி என்ற அயர்லாந்துச் சாமியார் தோண்டத் தொடங்கும்வரை இது மண்ணுக்குள் கிடந்தது. சுவரோவியம் ஒன்றில், கடலுக்கடியிலிருக்கும் புனிதரின் கல்லறைக் கோயிலில் ஓராண்டுக்கு முன் விட்டுப்போன பிள்ளையைத் தாய் உயிரோடு கண்டெடுக்கிறாள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. சிசின்னியுஸ் என்ற சீமான், புனிதரைக் கட்டி இழுக்க ஆட்களை ஏவுகிறான். அவர்களோ கண் மயங்கி ஒரு தூணை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். புனிதரின் பேச்சு லத்தீனில் இருக்கிறது. சீமான் பேசுவது தெருப் பேச்சு. தாயைப் பழிக்கும் கெட்ட வார்த்தை. இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, கோயில் சுவரிலுள்ள இந்த வசவு! பொருளைச் சொன்னதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “மருமவனே, அப்பா தோணியில பேசுற பேச்சு இதுதான். பேருதான் கிளமெண்டு.”

இன்னும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடம். அதற்குள் பண்டைய ரோமர் வணங்கிய மித்ரா தெய்வத்தின் குகைக் கோயில். காளையைக் குத்தும் தெய்வம் செதுக்கிய பலிபீடம். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. பக்கத்து அறையில் தண்ணீர் ஓடும் சத்தம் எங்களை இழுத்தது. இந்தத் தளத்தை வெள்ளத்திலிருந்து மீட்க 1912–14-இல் ஒரு சுரங்க வாய்க்கால் வெட்டி, பண்டைய ரோமின் பெரிய வடிகாலோடு இணைத்தார்களாம்.

“இந்தத் தண்ணி எங்க போவுது?”

“டைபர் ஆத்துக்கு, அத்தை.”

“பொறவு?”

“கடலுக்கு.”

அத்தை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த கூட்டம் எங்களைக் கடந்து போகும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.