எருசலேமில் இரண்டு கல்லறைகள்

எருசலேமுக்குப் போகும் குழுக்களுக்கு இயேசுவை அடக்கம் செய்த இடம் என்று இரண்டு கல்லறைகளைக் காட்டுவார்கள். பழைய நகர மதிலுக்குள் திருக்கல்லறைத் தேவாலயம்; தமஸ்கு வாசலுக்கு வெளியே சில நிமிட நடையில் தோட்டக் கல்லறை. கத்தோலிக்கர் முதலாவதையும் சீர்திருத்த சபையார் இரண்டாவதையும் நாடுவது வழக்கம். இரண்டுமே அனுமதிக் கட்டணம் இல்லாதவை, ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஞாயிறு மட்டும் வேண்டாம், அன்று தோட்டக் கல்லறை திறப்பதில்லை.

தேவாலயத்துக்கு விடியுமுன் போய்விட வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் செங்குத்தான குறுகிய படிகள் கொல்கொதாவுக்கு ஏறுகின்றன; ‘மண்டையோடு’ என்று பொருள்படும் இது இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடம். மூட்டுவலிக்காரர்கள் கைப்பிடியை விடாமல் ஏறுவது நல்லது. மேலே கிரேக்க பீடத்தின் கீழ் உள்ள வட்டத் துளையில் மண்டியிட்டுக் கைவிட்டால் பாறையைத் தொடலாம். இறங்கி, வாசலுக்கு நேரே இருக்கும், இயேசுவின் உடலைக் கிடத்தித் தைலம் பூசியதாகக் காட்டும் அபிஷேகக் கல்லைக் கடந்து இடப்புறம் திரும்பினால் கல்லறை மண்டபம். அந்தக் கல் 1808 தீ விபத்துக்குப் பின் வைத்தது என்பதைப் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை.

நேரம் ஏறிவிட்டால் கல்லறை வரிசை ஒன்று, இரண்டு மணி நேரம் நகராமல் நிற்கும். பூசையோ பவனியோ நடந்தால் வரிசையையே நிறுத்திவிடுவார்கள். உள்ளறை மூன்று நான்கு பேருக்குத்தான் கொள்ளும், கண் மூடித் திறப்பதற்குள் வெளியே அழைப்பார்கள். வேண்டுதலை வரிசையிலேயே செபித்து முடித்திருந்தால் அந்த நேரம் வீணாகாது.

பெரும்பாலோர் இதோடு கிளம்பிவிடுகிறார்கள். நகருக்கு வெளியே மரித்த இயேசுவின் கல்லறை மதிலுக்குள் எப்படி இருக்கும் என்ற சந்தேகத்துக்கு விடை இருப்பதோ மண்டபத்துக்குப் பின்னால். வட்டக் கூடத்தின் மேற்குப் பக்கம் புகை படிந்த சிரிய சிற்றாலயம். அதன் ஓரத்தில் குனிந்து நுழையும் ஒரு துவாரம். கைபேசி விளக்கை அடித்தால், பாறையில் நீளவாக்கில் குடைந்த சவக்குழிகள் தெரியும். அவை இயேசு காலத்து யூதக் கல்லறைகள். யூதர் நகருக்குள் பிணம் புதைப்பதில்லை. ஆகவே இந்த இடம் அன்று மதிலுக்கு வெளியேதான் இருந்தது. இதை உள்ளே அடைத்த மூன்றாம் மதிலை யூதேயாவின் அரசன் ஏரோது அகிரிப்பா கி.பி. 41-44இல்தான் தொடங்கினான். ‘நகர வாசலுக்குப் புறம்பே’ என்ற எபிரேயர் 13:12 வசனத்தைக் காட்டி இத்தேவாலயத்தை மறுப்பவர்கள் இன்றைய மதிலை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த மதிலோ 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் சுல்தான் கட்டியது.

2016 அக்டோபரில் கல்லறையின் சலவைக்கல்லை நீக்கியபோது அடியில் சிலுவை பொறித்த பழைய பலகையும், அதற்கும் கீழே பாறைப் படுக்கையும் தெரிந்தன. பலகையின் அடிச்சாந்து சுமார் கி.பி. 345ஐச் சேர்ந்தது. இத்தேவாலயத்தை முதலில் கட்டுவித்த ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் வணங்கிய கல்லறை இதுதான் என்று இது உறுதிப்படுத்துகிறது. யாருடைய கல்லறை என்பதைச் சாந்து சொல்லாது. ரோம் சப்பியென்சா பல்கலைக்கழகம் தரைக்கடியில் நடத்திவரும் அகழாய்வில் ஒலிவ, திராட்சைத் தடயங்கள் கிடைத்ததாக 2025இல் அறிவித்தார்கள். யோவான் 19:41 சொல்லும் தோட்டத்தோடு அது பொருந்துவது மகிழ்ச்சிதான், ஆனால் அதையே நிரூபணமாக்க வேண்டாம்.

தோட்டக் கல்லறை 1867இல் கண்டெடுக்கப்பட்டது. பக்கத்துக் குன்று மண்டையோடுபோல் தெரிவதால் அதுவே கொல்கொதா என்று 1883இல் வந்த பிரிட்டிஷ் தளபதி கார்டன் வாதாடினார். அவருக்கு முன்பே, 1842இல், ஜெர்மன் இறையியலாளர் தேனியுஸ் அதைச் சொல்லியிருந்தார். இன்று பாறை அரித்து முகச்சாயல் குறைந்துவிட்டது, கீழே பேருந்து நிலையம். கல்லறையை ஆராய்ந்த இஸ்ரேலியத் தொல்லியலாளர் கேப்ரியல் பர்கே, அதன் அமைப்பு கி.மு. 8-7ஆம் நூற்றாண்டுக்குரியது என்றார். அப்படியானால் இயேசுவின் நாளில் அது நூற்றாண்டுகள் பழையது. நற்செய்தி சொல்வதோ புதிய கல்லறை. உருட்டிய கல் ஓடியதாகக் காட்டும் வாசல் பள்ளத்தையும் அவர் சிலுவைப் போர்க்காலத்து லாயத் தொட்டியோடுதான் சேர்க்கிறார்.

அதற்காக அங்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. மர நிழலில் உட்கார்ந்து உயிர்ப்பு அதிகாரத்தை வாய்விட்டு வாசிக்க தேவாலய நெரிசலில் வழியே இல்லை. குழுவாகத் திருவிருந்து எடுக்க நினைப்பவர்கள் வரும் நாளையும் ஆள்கணக்கையும் முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்யட்டும். சொல்லாமல் வந்து நின்றால் இருக்கைகள் வேறு குழுவின் கையில் இருக்கும்.